காலா சொன்ன மால்குடி

'ஸ்ட்ரீட் ஹாக்' தொடர் அமெரிக்காவில் வெறும் 13 எபிசோடுதான் வந்தது என்று போன மாதம் என் அண்ணனிடம் சொன்னேன். 1985 ஜனவரியில் ஏபிசி சேனலில் ஆரம்பித்து, அந்த மே மாதமே நின்றுவிட்டது. பார்க்கிறவர்கள் போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை. "போடி, அது ரெண்டு வருஷமாவது ஓடியிருக்கும்" என்றான். குடியாத்தத்தில் அவன் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்று நினைக்கிறேன்.

அண்ணன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தத் தொடர் உண்மையிலேயே ரெண்டு வருஷம் ஓடியது. தூர்தர்ஷனில் இல்லை, அப்பாவின் தறிக்குப் பக்கத்தில்.

அப்பா லுங்கி நெய்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறிக்கு நூலைத் தார் சுற்றுவது அண்ணன் வேலை. ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டே அவன் கதை சொல்வான். போலீஸ்காரன் ஒருத்தன் இருக்கிறான், பைக் ஓட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. முழங்காலில் அடிபட்டதால் அவனை மேசை வேலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஊருக்குத் தெரியாமல் அவனுக்கு ஒரு கறுப்பு வண்டி கிடைக்கிறது. நார்மன் என்று ஒரு என்ஜினியர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வழி சொல்வார், இவன் பறப்பான். அந்த வண்டி மணிக்கு முந்நூறு மைல் போகும் என்று அண்ணன் சொன்னதும் அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டார். குடியாத்தத்திலிருந்து வேலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். "நாலு நிமிஷத்துல வேலூரா? அப்போ நூல் வாங்கிகினு காப்பி ஆறதுக்குள்ள வந்துடலாம்" என்றார். அப்புறம் தினமும் சாயந்திரம், "இன்னிக்கு இன்னாடா பண்ணான் உன் ஆளு?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

தொடர் ஆங்கிலத்தில் வந்தது. அண்ணனுக்கு அப்போது அவ்வளவு ஆங்கிலம் வராது. பேசியதெல்லாம் இவன் வைத்த வசனம். 13 எபிசோடும் தீர்ந்த பிறகு பதினாலாவது, பதினைந்தாவது என்று அவனே போட்டுக்கொண்டு போனான். ஒரு கதையில் அந்த வண்டி கௌண்டன்யா ஆற்று மணலில் ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவும் அதைத் தொடர்தான் என்று நம்பித்தான் கேட்டார்.

கொஞ்ச நாள் மட்டும் வந்து போன சில தொடர்களை நாற்பது வருஷம் கழித்தும் நாம் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறோமே, அது ஏன் என்று நிறைய யோசித்திருக்கிறேன். 'அந்தக் காலத்தில் வேறு சேனல் இல்லை' என்பது வழக்கமாகச் சொல்லும் பதில். அது பாதி காரணம்தான். வேறு சேனல் இல்லாத அதே காலத்தில் வயலும் வாழ்வும் வந்தது, வாரா வாரம் எத்தனையோ நிகழ்ச்சிகள் வந்தன. அவற்றையும் பார்த்தோம், மறந்தும் போனோம். தங்கியதெல்லாம் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட தொடர்கள்தான். சின்னதாக இருந்ததால்தான் அவற்றைச் சொல்ல முடிந்தது. தூர்தர்ஷன் அப்போதெல்லாம் 13 வாரக் கணக்கில்தான் தொடர்களுக்கு அனுமதி கொடுக்கும். 13 வாரக் கதையை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆயிரம் பீடி சுற்றி முடிப்பதற்குள் இரண்டு தடவைகூடச் சொல்லலாம்.

பீடி என்றதும் எங்கள் தெருவைச் சொல்ல வேண்டும். குடியாத்தத்தில் ஆண்கள் தறியில் உட்கார்ந்தால் பெண்கள் பீடி முறத்தோடு உட்காருவார்கள். எங்கள் திண்ணையில் அம்மா, பின்வீட்டு ஆயா, எதிர்வீட்டு அத்தை, அப்புறம் காலா. காலா உருது பேசுகிறவர். அவருடைய அக்கா தங்கை பிள்ளைகள் அவரை 'காலா', அதாவது சித்தி, பெரியம்மா, என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நாங்களும் அப்படியே கூப்பிட்டோம், தெருவே கூப்பிட்டது. மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை. கத்தரிக்கோலால் இலையை அளவுக்கு வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நூல் கட்டிப் போடுவார்கள். நுனி மடக்கும் வேலை எங்களுக்கு. கை பாட்டுக்கு வேலை செய்யும், கண்ணும் அதிகம் வேண்டாம். வாயும் காதும் சும்மாதான் இருக்கும். கதைக்கு அதைவிட நல்ல இடம் நான் இதுவரை பார்த்ததில்லை.

தெருவில் முதல் டிவி எதிர்வீட்டு அத்தை வீட்டில் வந்தது. சாலிடேர், கறுப்பு வெள்ளை, இழுத்து மூடுகிற மரக்கதவு வைத்தது. மாடியில் தண்ணீர்க் குழாயை நட்டு அதன் உச்சியில் ஆண்டெனா. காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும். ஒருத்தர் மேலே ஏறித் திருப்ப, ஒருத்தர் வாசலில் நின்று கத்த, உள்ளே இருக்கிறவர்கள் "வந்துட்ச்சி, விடு விடு" என்று சொல்லும்போது மறுபடியும் போய்விடும். அத்தை வீட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் இடமும் இருக்காது. அதனால் ஒரு எபிசோடை ஒரே ஆள் முழுசாகப் பார்த்ததாக எங்கள் தெருவில் சொல்ல முடியாது. ஆரம்பம் ஒருத்தரிடம் இருக்கும், முடிவு இன்னொருத்தரிடம் இருக்கும். மறுநாள் திண்ணையில்தான் கதை ஒன்றுசேரும்.

'மால்குடி டேஸ்' இப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தது. 1986-ல் அது வந்தபோது இந்தியில் வந்தது. தெருவில் அந்த மொழி புரிந்த ஒரே ஆள் காலாதான், உருது தெரிந்ததால். ஓடும்போது குறுக்கே பேசினால் அவருக்குப் பிடிக்காது. "சும்மா பாருங்கடி, நாளைக்கு சொல்றேன்" என்பார். நாங்களும் படத்தை மட்டும் பார்ப்போம். ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த சித்திரங்களோடு எழுத்து ஓடும். எல். வைத்தியநாதன் இசையில் அந்த 'தா நா நா' வரும். 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்த அதே வைத்தியநாதன் என்பது பிற்பாடு தெரிந்துகொண்ட சேதி. அந்த மெட்டை மட்டும் யாரும் எங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலா ஆரம்பிப்பார். சாமி என்கிற பையன் தனியாகத் தூங்கும் கதையை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று தெரியாது. "அந்தப் புள்ள கீறானே சாமி, அவன் ராத்திரி ஆனா பாட்டி பக்கத்துலதான் படுப்பான். அவுங்க அப்பாரு பேப்பர்ல ஒரு சேதி படிக்கறாரு, ஒரு சின்னப் பையன் புலிகூட சண்ட போட்டான்னு. படிச்சிட்டு, நீ வீரன்னா இன்னிக்கு என் ஆபீசு ரூம்புல தனியா தூங்குடாங்கறாரு." இந்த இடத்தில் காலா கையை நிறுத்திவிடுவார். நாங்களும் நிறுத்துவோம். அம்மா மட்டும், "கையி நிக்கக் கூடாது" என்பாள். அப்புறம் இருட்டு, பெஞ்சுக்கு அடியில் சாமி, எங்கேயோ ஏதோ நகரும் சத்தம், ஒரு உருவம். சாமி பயத்தில் அந்த உருவத்தின் காலைப் பிடித்துக் கடிக்கிறான். பார்த்தால் அது திருடன்! ஊரே சாமியைக் கொண்டாடுகிறது. மறுநாள் ராத்திரி அப்பா தேடிப் போனால் சாமி பாட்டி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

காலா இதில் ஒன்றைச் சேர்த்திருந்தார். திருடன் அலறும் சத்தம் கேட்டு முதலில் ஓடிவருவது பாட்டி. கையில் பாக்கு இடிக்கிற சின்ன உலக்கை. "ஒண்ணு வெச்சா பாரு மண்டையில!" பின்வீட்டு ஆயாவுக்குப் பாக்கு இடிக்கிற உலக்கை உண்டு. இந்த இடம் வரும்போது ஆயா தன் உலக்கையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டுவாள். பல வருஷம் கழித்து யூடியூபில் அந்த எபிசோடைப் பார்த்தேன். உலக்கை வரவில்லை. படம் அழகாகத்தான் இருந்தது. மாஸ்டர் மஞ்சுநாத் சாமியாகவே வாழ்ந்திருந்தான், அப்பாவாக வந்த கிரீஷ் கர்னாடின் அதட்டலும் அப்படியே மனசில் நின்றது. ஆனால் என் மனசுக்குள் ஓடுகிற கதையில் பாட்டி உலக்கையோடுதான் வருகிறாள். அதை மாற்றிக்கொள்ள எனக்கு விருப்பமும் இல்லை.

இதை யோசித்துப் பாருங்கள். ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்த தமிழர், எழுதியது ஆங்கிலத்தில். தொடராக எடுத்த சங்கர் நாக் கன்னடக்காரர். மால்குடியாகக் காட்டியது ஆகும்பேயை, கர்நாடகத்தின் மலைக்காட்டில் மழை விடாமல் கொட்டுகிற ஊர். பேசியது இந்தி. அதை உருது பேசுகிற ஒரு பெண் வாங்கிக்கொண்டு, வட ஆற்காட்டுத் தமிழில், பீடி சுற்றிக்கொண்டே எங்களுக்குக் கொடுத்தார். இவ்வளவு கை மாறியும் கதை கெடவில்லை. கதை சின்னது, அதன் முதுகெலும்பு கெட்டியானது. ஒரு பையன், ஒரு பயம், ஒரு ராத்திரி. யார் வாயில் போனாலும் உடையாது.

சங்கர் நாக் 1990 செப்டம்பரில் சாலை விபத்தில் இறந்தார், 35 வயது. செய்தி எங்களுக்கு அப்போது வந்து சேரவே இல்லை. பெரியவளாகிப் படித்தபோது ரொம்ப நேரம் மனசு கனத்தது. முதலில் வந்தது 39 எபிசோடு. 2006-ல் கவிதா லங்கேஷ் இயக்கி இன்னும் கொஞ்சம் வந்தது. நான் அதைப் பார்த்தேன், குறை ஒன்றும் சொல்ல மாட்டேன், ஆனால் அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ரகுவரன் நடித்த 'ஒரு மனிதனின் கதை' தமிழிலேயே வந்ததால் அதற்குக் காலா தேவைப்படவில்லை. சிவசங்கரி எழுதிய நாவல், குடிக்கு அடிமையான தியாகுவின் கதை. திண்ணையில் இதைச் சொல்லும் முறை வேறு மாதிரி இருந்தது. சாமி கதைக்குச் சிரித்த அதே பெண்கள் தியாகு கதைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எங்கள் தெருவில் சாயந்திரம் ஆனால் சாராயக் கடைப் பக்கமிருந்து ஆண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்புவது தினப்படி நடக்கிற விஷயம். யார் வீட்டுக் கதையும் யாருக்கும் தெரியாததில்லை.

அதில் ஒரு அக்கா அந்தத் தொடர் வரும் நாளில் அத்தை வீட்டுக்கு வரவே மாட்டார். வீட்டை விட்டு அந்நேரத்தில் கிளம்ப முடியாது. மறுநாள் தூள் கடன் வாங்க வருகிற சாக்கில் திண்ணை ஓரத்தில் உட்காருவார். "திருந்திட்டானா?" என்று கேட்பார். வேறு ஒன்றும் கேட்க மாட்டார். அம்மா கதையைச் சொல்வாள், ஆனால் எங்களுக்குச் சொன்ன மாதிரி இல்லை. மோசமான இடங்களைத் தாண்டிக்கொண்டு போவாள். தியாகு கொஞ்சம் நன்றாக இருந்த காட்சி ஏதாவது வந்திருந்தால் அதை நீட்டிச் சொல்வாள். "இன்னும் கதை கீது, பாப்போம்" என்று முடிப்பாள். ஒரே எபிசோடை ஒரே நாளில் இரண்டு விதமாக அம்மா சொன்னதை நான் நுனி மடக்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது அந்த இரண்டாவது கதைக்காக என் அம்மாவை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. கடைசி எபிசோடை அந்த அக்காவிடம் எப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ரகுவரன் அப்புறம் 'பாட்ஷா'வில் மார்க் ஆண்டனியாக வந்து ஊரையே மிரட்டியபோதுகூட ஆயாவுக்கு அவர் தியாகுதான். "பாவம்டி அந்தப் புள்ள" என்பாள். 2008 மார்ச்சில் அவர் இறந்த செய்தி வந்தபோது ஆயா இல்லை. இருந்திருந்தால் சொந்தத்தில் ஒருத்தர் போனதாக அழுதிருப்பாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தொடர்கதை புதுசும் இல்லை. வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊரில் எல்லாம் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. இன்ன நாளைக்கு வில் வளைப்பு, இன்ன நாளைக்குத் துகில், இன்ன நாளைக்கு அர்ச்சுனன் தபசு என்று நோட்டீசிலேயே போட்டுவிடுவார்கள். தபசு மரத்தில் ஆள் ஏறும்போது கீழே கூட்டம் நிற்கும். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருப்பான், படுகளம் முடிந்து சாயந்திரம் தீமிதி. அதோடு சரி. கதை எந்த நாளில் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே வருவார்கள். ஒரு நாள் வர முடியாதவர்கள் மறுநாள் வயலில், தறியில், கிணற்றடியில் கேட்டுக்கொள்வார்கள். 13 வாரத் தொடர் எங்களுக்கு அந்த வழக்கத்திலேயே பொருந்திவிட்டது. முடிவு இருக்கிற கதையைத்தான் இன்னொருத்தரிடம் ஒப்படைக்க முடியும்.

தொண்ணூறுகளில் திண்ணை கலைந்தது. அப்பாவின் தறி நின்றது. நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தேன். பொழுது விடியும் முன்னாலேயே கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதில் வருகிறவர்கள் எல்லோரும் பெண்கள், பாதிப் பேருக்கு வீட்டில் கேபிள் கிடையாது. 1997-98-ல் சன் டிவியில் 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' வந்துகொண்டிருந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'விட்டு விடு கருப்பா' நாவல், நாகா இயக்கம், பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. சேத்தன், தேவதர்ஷினி எல்லாம் அதில் நடித்தார்கள். வாரம் ஒரு தடவைதான் வரும். 13-ல் முடியவில்லை, நூறைத் தாண்டிப் போனது, ஆனால் வாரத் தொடர் என்பதாலும் எங்கே போய் நிற்க வேண்டும் என்பது எழுதினவருக்குத் தெரிந்திருந்ததாலும் அதையும் எங்களால் சுமக்க முடிந்தது.

அந்த பஸ்ஸில் நான்தான் கதை சொல்கிறவள். காலாவிடம் கற்றது. எங்கே கையை நிறுத்த வேண்டும் என்று தெரியும். இருட்டில் பஸ் போய்க்கொண்டிருக்கும், வெளியே புளியமரங்கள், நான் குதிரைக் குளம்புச் சத்தத்தை நாக்கில் தட்டிக் காட்டுவேன். முன் சீட்டில் தூங்குகிற மாதிரி இருந்தவர்கள் திரும்பி உட்காருவார்கள். டிரைவர் அண்ணன் ஒரு தடவை, "இரும்மா, ஆற்காடு தாண்டட்டும், அப்புறம் சொல்லு, கூட்டத்துல காதுல விழல" என்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கம் கருப்பசாமி அவ்வளவாகக் கிடையாது. ஊர் எல்லையில் உட்கார்ந்திருக்கிறவர் முனீஸ்வரன்தான். தப்பு செய்தவனை ராத்திரியில் குதிரையில் வந்து தண்டிக்கிற சாமி என்று சொன்னதுமே ஒரு பாட்டி, "அப்டி சொல்லு, முனீஸ்வரன்" என்று முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து பஸ்ஸில் அது முனீஸ்வரன் கதையாகிவிட்டது. நானும் விட்டுவிட்டேன். கதை முடிந்து, குதிரையில் வந்தது சாமி இல்லை, மனசு இரண்டாகப் பிளந்த ஒரு மனுஷன்தான் என்று தெரிந்த அன்று பஸ்ஸில் பெரிய வாக்குவாதம். டாக்டர் சொல்வதுதான் சரி என்று சின்னப் பெண்கள். "அந்த மனுசன் மேல ஏறி வந்தது யாரு, அத்த சொல்லு" என்று அந்தப் பாட்டி. இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் எப்போதும் இந்த இரண்டு பக்கத்துக்கும் இடம் வைத்திருப்பார். பகுத்தறிவுக்காரரும் பக்திக்காரரும் கடைசி வரை கூட வரலாம். அதனால்தான் அன்றைக்குத் தொடங்கிய சண்டை அந்த வாரம் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் ஓடியது. 2024 நவம்பரில் அவர் காலமானார் என்று படித்தபோது எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வந்தது.

அதே நாகா ராஜ் டிவியில் 'ரமணி வெர்சஸ் ரமணி' எடுத்தார். புருஷன் பெயரும் ரமணி, பெண்டாட்டி பெயரும் ரமணி. வீட்டுக்குள் நடக்கிற சின்னச் சின்னச் சண்டைதான் கதை. கல்யாணம் ஆன புதிதில் காட்பாடியில் நானும் அவரும் சேர்ந்து பார்த்தோம். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

1999 கடைசியில் 'சித்தி' வந்தது, அப்புறம் 'மெட்டி ஒலி'. தினமும் வரும், 'மெட்டி ஒலி' எண்ணூறு எபிசோடு தாண்டியது. நானும் பார்த்தேன், என் மாமியாருக்கு அந்த அரை மணி நேரம்தான் நாளிலேயே உட்காருகிற நேரம். அவர் வயதுப் பெண்களுக்கு அந்தத் தொடர்கள் கொடுத்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 'மெட்டி ஒலி' கதையை என் மகளுக்குச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. அஞ்சு பெண்கள், அவர்கள் அப்பா, ஆளுக்கொரு கஷ்டம் என்று சொல்லலாம், அதற்கு மேல் நூல் சிக்கிவிடுகிறது. தினமும் எல்லோரும் பார்த்துவிடுவதால் சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போனது. "நேத்து பாத்தியா?" "பாத்தேன்." பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எந்தத் தொடரையும் சொல்லாமலேயே பார்த்து முடித்த ஒரு தலைமுறைப் பெண்களில் நானும் ஒருத்தி ஆகிவிட்டேன். அந்த இழப்பு எனக்கு வலிக்கிறது, இன்றைக்கும்.

என் மகளுக்குப் போன் போதும். 'சுழல்' வெப் தொடர் வந்தபோது முதல் பாகம் எட்டே எபிசோடு, ஒரே ராத்திரியில் பார்த்து முடித்துவிட்டாள். அவள் தோழிகளும் அதே ராத்திரியில் பார்த்துவிட்டார்கள். சொல்ல ஆளில்லை. மறுவாரம் குடியாத்தம் போனபோது என் அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, பீடி விட்டு ரொம்ப நாளாகிறது, ஆனால் கை சும்மா இருக்காது, எதையாவது ஆய்ந்துகொண்டிருக்கும். அன்றைக்கு முருங்கைக்கீரை.

"பாட்டி, ஒரு ஊர்ல மயானக் கொள்ளத் திருவிழா நடக்குது" என்று ஆரம்பித்தாள் மகள்.

அம்மா உடனே கையை உயர்த்தினாள். "எந்த ஊரு? வேலூரா?"

"இல்ல பாட்டி, கதையில வர்ற ஊரு."

"அம்மன எப்டி ஜோடிச்சிருந்தாங்க? பாலாத்தங்கரைக்கி தேர் வருமே, சூறை விடுவாங்களே, கொழுக்கட்ட, காசு, தானியம்... அதெல்லாம் காட்டுனானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அம்மாவே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சின்ன வயசில் அவள் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த மயானக் கொள்ளை. வேஷம் போட்டு ஆடி வந்தவர்கள், பாலாறு முழுக்கத் தலைகள், காளி வேஷக்காரன் கடித்துத் துப்பிய எதையோ பார்த்துவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தது. என் மகள் வாயைத் திறந்தபடி கேட்டாள். நடுவில் அம்மா ஒரு இடத்தில் கீரையைக் கீழே வைத்துவிட்டு நிறுத்தினாள். நிறுத்தின இடம் எனக்குத் தெரிந்த இடம், காலா நிறுத்துவாரே, அதே மாதிரி.

'சுழல்' இரண்டு எபிசோடு தாண்டவில்லை. மீதி ஆறை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்வதாக மகள் ஒத்துக்கொண்டிருக்கிறாள். அம்மா அதற்குள் போனில் கேட்டுவிட்டாள், அந்தப் பொண்ணு கிடைத்தாளா இல்லையா என்று. "அத மட்டும் இப்ப சொல்லக் கூடாது பாட்டி" என்று சொல்லி வைத்துவிட்டாள் இவள்.